மேய்க்கா மேட்டுத் தீ

வெள்ளானூரில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுச் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி ராகேஷ் தன் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்த பாம்புச் சட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அது கை மாறி எல்லாரிடமும் போய் வந்தது.

"எல்லாம் பின்னாடி இருக்கற காட்டுலேருந்துதான் வருது. ராத்திரியானா நரி ஊளையிடுது. என் பொண்ணு தூங்கவே மாட்டேங்கறா" என்றார் ராகேஷ். "ஒரு தடவ கொளுத்தி விட்டா எல்லாம் ஓடிடும் சார்."

யாரும் மறுக்கவில்லை. சங்கச் செயலாளர் ஜெகதீசன், "சரி, நான் பாத்துக்கறேன்" என்றார். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், திண்டுக்கல் பக்கத்துக்காரர். கொடியவர் இல்லை. பால்கனியில் குருவிகளுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறவர்தான்.

அவர்கள் காடு என்று சொன்னது காடே அல்ல. குடியிருப்பின் சுற்றுச்சுவரிலிருந்து தொலைவில் தெரியும் தொழிற்சாலை மதில் வரைக்கும் கிடந்த செம்மண் மேடு. மாடு மேய்க்கும் மேய்க்கால் நிலம் என்பதால் ஊர்க்காரர்கள் அதை மேய்க்கா மேடு என்பார்கள். மரம் அதிகம் கிடையாது. மழை ஓய்ந்ததும் இடுப்பளவு புல் எழும். பங்குனியில் அது காய்ந்து பழுத்து, காற்றடித்தால் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். பள்ளங்களில் நீர் வற்றும்வரை கொக்குகள் நிற்கும். ஈச்சம்புதர்களுக்கு அடியில் கௌதாரிகள் குஞ்சுகளோடு ஓடும். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. வெறுந்தரையில் கற்களுக்கு நடுவே முட்டையிடும். பக்கத்தில் போய் நின்றாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. முயல், கீரி, சாரைப்பாம்பு, ஒரு நரி ஜோடி எல்லாம் ஒன்றை ஒன்று தின்றும் தப்பியும் அங்கே பிழைத்துக் கிடந்தன. காற்று திரும்பும்போது ரயில் சத்தம் லேசாக வரும். மற்ற நேரமெல்லாம் புல் உரசும் சத்தம்தான்.

மனிதர்களில் தினமும் அங்கே போய் வந்தவள் வேம்புலியம்மாள் ஒருத்திதான். மேட்டுக்கு அந்தப் பக்கத் தெருவில் அவள் வீடு. புருஷன் மதுரைவீரன் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலி. அவள் ஒரு பசுவையும் கன்றையும் மேட்டில் முளையடித்துக் கட்டி மேய்ப்பாள். காலையில் குடியிருப்பில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுவாள். ஜெகதீசன் வீடும் அதில் ஒன்று.

ஜெகதீசன் காவலாளி கோபியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான்.

"வெயில் நாளு சார். பத்திக்கினா நிக்காது."

"ஓரத்துல புல்ல செதுக்கி விட்டுக்கோ. ஹோஸ் பைப்ப ரெடியா வெச்சுக்கோ. வர்ற சனிக்கிழமைன்னு சங்கத்துல முடிவு பண்ணியாச்சு."

"வேம்புலியக்கா அங்கதான் மாடு கட்டும்."

"அன்னிக்குக் காலைல பால் ஊத்த வருவாங்கல்ல, நானே சொல்லிடறேன்."

சனிக்கிழமை காலை வேம்புலியம்மாள் வந்து மணியடித்தாள். ஜெகதீசன் கதவைத் திறந்தார். காதில் கைப்பேசி, மறுமுனையில் மேலதிகாரி எதையோ கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தை நீட்டிப் பாலை வாங்கினார். "பாப்பாவுக்கு ஜொரம் உட்டுச்சா சார்?" என்று அவள் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோபி கீழே நின்று குரல் கொடுத்தான். "அக்காவாண்ட சொல்லிட்டீங்களா சார்?"

இன்னும் பேச்சு முடியவில்லை. ஜெகதீசன் பால்கனியிலிருந்து "ம்ம்" என்று சொல்லிக் கையசைத்தார்.

தீ ஒரு மூலையில் சிறிதாகத்தான் பிடித்தது. பிறகு காற்று எழுந்தது. செதுக்கி விட்ட ஓரத்தைத் தாண்டி நெருப்பு மேட்டின் நடுவுக்கு ஓடியது. ஆள்காட்டிகள் கத்திக்கொண்டே புகைக்கு மேலே வட்டமிட்டன, விலகிப் போகவில்லை. முதுகில் நெருப்போடு ஒரு முயல் வெளியே பாய்ந்து, சுவரில் மோதி விழுந்தது. பால்கனிகளில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி குழந்தையின் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டிப்போனாள்.

வேம்புலியம்மாள் மாட்டைக் கட்டிவிட்டு வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புகையைக் கண்டதும் அரிவாளோடு ஓடிவந்தாள். பசுவின் கயிற்றை அறுத்தாள். கன்றின் கயிறு ஈச்சம்புதரில் சுற்றிக் கிடந்தது. வால் கருகிய பசு மட்டும் வெளியே வந்தது.

பசுவைக் கண்டதும் கோபிக்குப் புரிந்துவிட்டது. நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனான். அவளை இழுத்து வந்தபோது அவன் கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

மருத்துவமனையில் அவள் சில நாள் உயிரோடு இருந்தாள். பிறகு இல்லை.

கோபியைப் போலீஸ் கூட்டிப்போனது. சங்கத்தார் ராகேஷ் வீட்டில் கூடினார்கள்.

"நம்ம பேரு வரக்கூடாது" என்றார் ராகேஷ். "வாட்ச்மேன் குப்பையக் கொளுத்தினான், பரவிடுச்சு. கேட்டா எல்லாரும் இதையே சொல்லுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெகதீசனும் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவர் மேட்டுக்குப் போனார். கால் வைத்த இடமெல்லாம் கரி பொடிந்தது. புல் இல்லாததால் தொழிற்சாலை மதில் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தெரிந்தது. ஓர் ஆள்காட்டி சாம்பலில் நின்று, வெடித்துக் கருகிய முட்டைகளின் மேல் சிறகை விரித்து நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கிட்டே போனபோதும் பறக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி, இத்தனை நாள் மனைவியோடு மருத்துவமனையிலேயே இருந்த மதுரைவீரன் கடப்பாரையால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். கன்றின் மிச்சம் சாக்கில் கிடந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும் சார். டேசன்ல கோபியப் பாத்தேன். 'சார் சொல்லிட்டேன்னாரு, அத்த நம்பித்தான் பத்த வெச்சேன்'னு அழுவறான். எம் பொண்டாட்டி பேச்சு இருந்த வரிக்கும், 'ஒருத்தரும் சொல்லலியே'ன்னு அதையேதான் சொல்லிகினு இருந்துச்சு. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றாங்க?"

அந்தப் பறவை கத்தத் தொடங்கியது.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றார் ஜெகதீசன். "காலைல அவங்க என் வீட்டு வாசல்ல நின்னாங்க. நான்தான் சொல்லல. சொல்லிட்டேன்ங்கற மாதிரி கோபிகிட்ட 'ம்ம்'னு கையசைச்சதும் நான்தான்."

மதுரைவீரன் கடப்பாரையைக் கெட்டியாகப் பிடித்தான். அடித்துவிடுவான் என்று ஜெகதீசன் நினைத்தார். அவன் அடிக்கவில்லை.

"எங்கைல சொல்லி இன்னா ஆவப் போவுது? போய் அங்க சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

குடியிருப்பு வாசலில் ராகேஷ் அவரை மறித்தார். போலீசில் உண்மையைச் சொல்லப் போவதாக ஜெகதீசன் சொன்னதும் ராகேஷின் குரல் தாழ்ந்தது. "வேல போயிடும் சார். உங்க வைஃபையும் குழந்தையையும் நெனச்சுப் பாருங்க. நாம யாரையும் கொல்லணும்னு பண்ணலையே. பாம்பத் தொரத்தத்தானே பண்ணோம்."

"பாம்பு அது இடத்துல இருந்துச்சு. நாமதான் பக்கத்துல வந்து குடியேறினோம்" என்றார் ஜெகதீசன். "அங்க என்ன இருக்கு, யார் இருக்கான்னு நாம ஒரு நாள்கூடப் போய்ப் பாக்கல. நமக்குத் தெரியலன்னா அது வெறும் எடம்னு முடிவு பண்ணிட்டோம். வெறும் எடம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது ராகேஷ். நம்ம வசதிக்காக எத அழிச்சாலும், அதுல ஒரு உயிரோட வீடு போகுது. எந்த உயிர்னு நெருப்பு பாக்காது. கொளுத்தறவன்தான் பாக்கணும்."

ராகேஷ் வழிவிடவில்லை. ஜெகதீசன் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

காவல் நிலையத்தில் கோபி இரண்டு கைகளிலும் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜெகதீசனைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றான்.

"உக்காரு கோபி" என்று சொல்லிவிட்டு, அவர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"அவன் என் சொல்லுக்குப் பத்த வெச்சான் சார். அந்தம்மாவ எச்சரிக்காம விட்டது நான். என் பேர எழுதிக்குங்க."