நங்கூரத்துக்கு ஒரு சைகை

நூதனசாலை வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டி முடித்த வாரமே றுஷ்தா தன் வாப்பாவோடு அங்கே வந்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டகசாலையாக இருந்த பழைய கட்டடம் அது. பொறுப்பதிகாரி சிவாஜினிக்கு அந்தச் சாய்தளத்தில் தனிப் பெருமை. கதவுகளையும் அகலமாக்கியிருந்தார். கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கப்பி, கயிறு, கப்பல் மணி எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார்.

றுஷ்தா கிண்ணியாவில் தையற்கடை வைத்திருப்பவள். பிறவியிலேயே காது கேளாது. வழிகாட்டி முனாப் பெரிய நங்கூரத்தின் முன்னால் நின்று ஏதோ சொன்னபோது கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளுடைய வாப்பா ஸைனுலாப்தீனும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று அவர் கையை விசிறினார்.

வெளியே வரும்போது சிவாஜினி வாசலில் நின்றார்.

"எப்பிடி இருந்தது?"

"நல்லா இரிக்கு மிஸ். மகளுக்கும் நல்ல விருப்பம்," என்றார் ஸைனுலாப்தீன்.

றுஷ்தா தன் ஃபோனில் எழுதி நீட்டினாள்: "சாய்தளம் வடிவு. ஆனா எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் என்னத்துக்குச் சிரிச்சவை?"

சிவாஜினிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு அதே ஃபோனை வாங்கி, முனாப் வழக்கமாகச் சொல்லும் பகிடியை எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு கப்பற்காரன் கயிற்றைக் கட்டாமலே நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்டானாம். அதுதான் கடலடியில் கிடந்து இங்கே வந்திருக்கிறதாம்.

றுஷ்தா வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். அதோடு நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி மீசையை முறுக்கும் கப்பற்காரனானாள். மூச்சைப் பிடித்து நங்கூரத்தைத் தூக்கினாள், வீசினாள், கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பிறகு காலடியில் கிடந்த கயிற்று நுனியைக் கண்டு மெல்ல எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிக்கற் வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முனாப்பும்தான்.

"நான் சொல்லுறதை விட இது நல்லாயிருக்கே," என்றான் அவன்.

சிவாஜினி உடனே ஃபோனில் எழுதினார்: "சனி ஞாயிறில வந்து நீங்களே கதை சொல்லுவீங்களா? சம்பளத்துக்கு?"

எட்டிப் பார்த்து வாசித்த ஸைனுலாப்தீன், "அவவுக்கு ஏலாது மிஸ். வாய் பேச மாட்டாவே," என்றார்.

யாருடைய உதட்டிலும் றுஷ்தாவுக்குச் சட்டென்று பிடிபடும் சொல் 'ஏலாது' தான். அவள் வாப்பாவைப் பார்க்காமலே எழுதினாள்: "வாறன்."

வேலை அவள் நினைத்ததை விடக் கடினமாக இருந்தது. பாடசாலையில் படித்த சைகை மொழியில் சந்தைக்கும் சாப்பாட்டுக்கும் காய்ச்சலுக்கும் சைகை இருந்தது. கப்பிக்கும் நங்கூரத்துக்கும் அவளுக்குத் தெரிந்து சைகையே இல்லை. எழுத்தெழுத்தாக விரலால் காட்டினால் கதை நடுவழியில் செத்துப்போகும். அதனால் அன்புவழிபுரத்திலிருந்து தவராசாவைக் கூப்பிட்டாள். அவரும் காது கேளாதவர். படகுப் பட்டறையில் வெடித்த படகுகளுக்கு ஒட்டு வேலை செய்பவர். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று இருவரும் கைகளாலேயே சண்டை பிடித்தார்கள். நங்கூரத்துக்கு அவள் காட்டிய சைகையைப் பார்த்துத் தவராசா தலையில் அடித்துக்கொண்டார்.

"இது தூண்டில். நங்கூரம் நிலத்தைப் பிடிக்க வேணும்," என்று வளைத்த விரல்களால் தன் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்துக் காட்டினார்.

அந்தச் சைகையே நிலைத்தது. துறைமுகத்துக்கு அவள் சொன்னது நிலைத்தது: இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்து, விரல் நுனிகளுக்கு நடுவில் கப்பல் நுழைய மட்டும் ஓர் இடைவெளி. சிவாஜினியும் தினமும் வேலை முடிந்து அவர்களோடு இருந்து சைகைகளைப் பழகினார்.

முதல் நாள் நல்ல கூட்டம். காது கேட்பவர்கள்தான் அதிகம். மாவட்டக் கச்சேரியிலிருந்து ஓர் அரசாங்க உத்தியோகத்தரும் வந்திருந்தார். றுஷ்தா முன்னே நின்று கைகளால் சொல்ல, பக்கத்தில் நின்று சிவாஜினி அதைக் குரலில் சொன்னார். பாதியிலேயே ஆட்கள் சிவாஜினியை விட்டுவிட்டு றுஷ்தாவின் கைகளையே பார்க்கத் தொடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் நுனிக்காலில் எட்டிப் பார்த்தார்கள்.

ஸைனுலாப்தீன் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். பசி, தூக்கம், போவோம், வா என்று வீட்டுக்குள் புழங்கும் சைகைகள்தான் அவருக்குத் தெரியும். கூட்டம் நகர்ந்தபோது உத்தியோகத்தர் அவரிடம் வந்தார்.

"நீங்கள்தானே அவவின்ர தகப்பன்? இப்ப கடைசியா என்ன சொன்னவ?"

ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக அவளுக்காகப் பேசிய வாய்.

"எனக்கும் விளங்கல்ல சேர்," என்றார். "அவவிட்டயே கேளுங்க. அவதான் இங்க கதை சொல்லுறவ."

அதைச் சொன்னபோது அவருடைய குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாராளமாகப் பார்க்கட்டும் என்று அவர் நின்றார்.

அடுத்த மாதம் மூதூர்ப் பக்கமிருந்து காது கேளாத பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்று சிவாஜினியின் குரல் தேவைப்படவில்லை. மண்டபத்தில் பேச்சே இல்லை, ஆனால் அத்தனை கலகலப்பு. திமிங்கில எலும்பின் முன்னால் றுஷ்தா கைகளை அகல விரித்து, வாலை அசைத்துக் காட்டினாள். ஷிஃபானா என்ற சின்னப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"பிழை. அப்பிடிக் காட்டினா சுறாவும்தான்," என்றாள் கைகளால்.

"அப்ப நீ சொல்லு."

ஷிஃபானா ஒரு கையைப் பொத்தித் தலைக்கு மேலே வைத்து, விரல்களைப் படக்கென்று விரித்தாள். திமிங்கிலம் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மற்றப் பிள்ளைகள் கால்களால் நிலத்தில் தட்டி ஆரவாரித்தார்கள். பலகைத் தளத்தின் அதிர்வு றுஷ்தாவின் உள்ளங்கால் வரை வந்தது.

அவள் அந்தச் சைகையைத் தானும் ஒருமுறை செய்து பார்த்தாள். சரியாக வருகிறதா என்று ஷிஃபானாவிடம் கேட்டாள். ஷிஃபானா அவளுடைய பொத்திய கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டாள்.