சாத்தாத கதவு

வெள்ளம் வடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நான் சபையின் முதல் பெஞ்சில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் இந்தச் சபைக்குப் பாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பு ஜலப்பிரளயம்: பேழையில் ஏறியவர்களைத் தவிர உலகத்தையே கர்த்தர் தண்ணீரில் அழித்த பைபிள் கதை. ஊரே சேற்றில் கிடக்கும்போது இவருக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லை.

“குயவனுக்குக் களிமண்மேல அதிகாரம் இல்லையா? படைச்சவர் அழிக்கலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “களிமண்ணுக்கு மூச்சு முட்டாதுங்க. தொட்டில்ல கிடந்த பிள்ளைங்க என்ன அக்கிரமம் பண்ணுச்சுங்க?”

“அவர் சித்தத்தைக் கேள்வி கேட்க நாம யாரு?”

“பேழைக் கதவைச் சாத்தினது அவர்தானே?”

“ஆமா, அவரேதான்.”

“அப்போ நீங்க ஏன் சாத்தல?”

தண்ணீர் ஏறிய அன்று சபை மாடிக் கதவை விரியத் திறந்து வைத்தவர் இவர். எங்கள் ஜன்னலில் வாராவாரம் கல்லெறிந்த எதிர்க்கடை வெல்டரை, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்து வந்தவரும் இவர்தான்.

“அந்த ஆளு கத்தினான். காதுல விழுந்த பிறகு எப்படிச் சும்மா இருக்க முடியும்?” என்றார்.

“பேழைக்கு வெளியே நின்னவங்களும்தான் கத்தியிருப்பாங்க. உங்க கர்த்தருக்குக் காது கேட்கலையா?”

நான் ஈரத்துணியைப் பிழிந்தேன்.

“இந்த ஞாயிறு அந்த வெல்டர் முதல் தடவையா சபைக்கு வரேன்னிருக்கான். இந்தப் பெஞ்சுலதான் உட்காருவான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, உன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தா அதுதான் நியாயம்னு.”