ரெண்டு கதவுக் கக்கூஸ்

எங்கள் வீட்டுக் கக்கூஸுக்கு இரண்டு கதவு. முன்னால் ஒன்று, அதற்கு நேர் எதிரே பின்னால் ஒன்று. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தாயிற்று, நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து "ரெண்டு கதவு வீடு எது" என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கையைக் காட்டும். கட்டின புதிதில் எனக்கு மானமே போயிற்று. இப்போது யாராவது கேலி பேசினால் நான் லேசில் விடுவதில்லை.

என் பெயர் மாடத்தி. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைப்பேன். கக்கூஸ் கட்டினதற்கு முந்தின வருடம் தீபாவளி சீசனில் நான் இருந்த அறையில் மருந்து பற்றிக்கொண்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், உள்ளே நான் ஒருத்திதான். பின்கதவு வழியாக ஓடிவந்து வேப்பமரத்தடியில் விழுந்தேன். உயிர் தப்பியது, இடது கால் வெந்துபோனது. மாதக்கணக்கில் விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கே எடுத்த தோலை இங்கே வைத்து ஒட்டி, ஒருவழியாக வீடு வந்தேன். புண் ஆறிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்கவில்லை.

மடங்காத காலோடு சோறு பொங்கலாம், துணி துவைக்கலாம், தெருவில் நின்று சண்டைகூடப் போடலாம். குத்தவைத்து உட்கார முடியாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஓடைக்கரைக் கருவேலங்காடுதான் கக்கூஸ். சர்க்கார் பணம் தந்து கட்டச் சொன்ன காலத்தில், "ஓடை இருக்கும்போது அது என்னத்துக்கு" என்று வேண்டாமென்று சொன்ன மகராசன் என் வீட்டுக்காரர் ஊர்க்காவலன். அதை நான் எத்தனை தடவை சொல்லிக்காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

என்னை ஓடைக்குக் கூட்டிப்போனவள் பொன்மணி, என் கொழுந்தன் பெண்டாட்டி. பக்கத்து வீடு. விடியுமுன் வந்து என்னை எழுப்புவாள். தோளில் சாய்த்துக்கொண்டு, முள்ளை விலக்கி, என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி நிற்பாள். என் முழு கனமும் அவள் கையில். அதன்பிறகு வீட்டுவேலையை முடித்துவிட்டுக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பெற்ற மகளாக இருந்தாலும் இவ்வளவு செய்வாளா என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் அவளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவது? பகலில் ஓடைப்பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் நடமாட்டம் வேறு. அதனால் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வாயை நனைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சொம்பில் கொண்டுவந்து வைக்கிற தண்ணீரை, அவர் தலை மறைந்ததும் முருங்கைமரத்துத் தூரில் ஊற்றிவிடுவேன். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் மரம் காய்ந்து நிற்க, எங்கள் முருங்கை மட்டும் தளதளவென்று நின்றது. அந்த மனுஷனுக்கு அப்போதும் புரியவில்லை.

கடைசியில் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என்னைப் பிடித்துத் திட்டினாள். "தண்ணி குடிக்காம இப்படியே இருந்தீங்கன்னா கிட்னி ரெண்டும் போயிரும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் மெஷின்லதான் படுக்கணும். பரவாயில்லையா?" என்று கேட்டாள். "எனக்கு ஒதுங்க இடமில்ல தாயி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற இவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், கொத்தனார் கோட்டைச்சாமி அண்ணன் கடப்பாரையும் கயிறுமாக எங்கள் கொல்லையில் நிற்கிறார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவரும் அதே கம்பெனியில் நாலு அறை தள்ளி வேலை பார்த்தவர்தான். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஊருக்குள்ளேயே கூலிக்குப் போவார், அதுவும் கூப்பிடு தூரத்துக்குள். மணிக்கொரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. வீட்டுக்கதவைச் சாத்தவிடமாட்டார். ராத்திரிகூடத் திறந்துதான் கிடக்கும், நாய் வந்து அடுப்படியில் படுத்துவிட்டுப் போகும்.

எனக்கும் அவர்மேல் ஒரு கோபம் உள்ளே கிடந்தது. நான் வேப்பமரத்தடியில் வெந்து கிடந்தபோது கம்பெனியே என்னைச் சுற்றி நின்றது. இவரை மட்டும் காணோம். வண்டியில் ஏற்றும்போதும் காணோம். மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாய்கிழியப் பேசுகிறவள்தான், அதை மட்டும் கேட்க முடியவில்லை.

கக்கூஸ் வேலை நடந்தது. எங்கள் மண் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும், சுவரைத் தூக்கிப் போட்டுவிடும். கோட்டைச்சாமி அண்ணன் சரளை தட்டுகிற வரைக்கும் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மணலைக் கொட்டி இறுக்கினார். குழிக்குச் சிமெண்ட் உறை இறக்கினார். நான் குத்தவைக்க முடியாதென்பதால், என் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து நடுவில் வட்டமாக அறுத்து, விளிம்பு தொடையைக் கிழிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பீங்கானுக்கு மேலே அதைப் போட்டால் எனக்குச் சிம்மாசனம். எல்லாம் நன்றாகத்தான் போனது. பின்சுவர் எழும்பும்போதுதான் வந்தது வினை.

"அங்கன வழி விடுங்கண்ணே" என்றார் இவர்.

"பின்னாடி என்னத்துக்குப்பா வழி? காத்துக்கா?" என்று கேட்டார் கொத்தனார்.

"கதவுக்கு. ரெண்டு கதவு வேணும். ரெண்டும் வெளிய பாத்துத் திறக்கணும். உள்ள கொண்டி வைக்கக்கூடாது."

கோட்டைச்சாமி அண்ணன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏப்பா, நாம கம்பெனி ரூம் கட்டுறோமா, கக்கூஸ் கட்டுறோமா?"

பட்டாசு அறைகளுக்கு அதுதான் சட்டம். ஒன்றுக்கு இரண்டு கதவு இருக்கவேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும், உள்ளே தாழ்ப்பாள் ஆகாது. ஏதாவது ஒன்றென்றால் தள்ளிக்கொண்டு ஓடவேண்டுமே. அதைக் கொண்டுவந்து கொல்லையில் வைக்கிறார் இந்த மனுஷன். நான் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? கொண்டி இல்லாத கக்கூஸ்ல எவளாவது போய் உக்காருவாளா? இதுக்கு அந்த ஓடையே தேவலையே" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் திரும்பிக் கத்தியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவரோ செங்கலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொத்தனாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் இரண்டு வழி விட்டார்.

தெருப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். பொன்மணிகூட, "ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வாரதுக்கு, என்னக்கா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முன்னால் சிரித்துக்காட்டவில்லை.

வெள்ளையடித்து முடித்த அன்று போய் உட்கார்ந்தேன். காற்றுக்கு முன்கதவு திறந்துகொண்டது. எட்டி அதைப் பிடித்தால் பின்கதவு திறந்துகொண்டது. திறந்த வழியில் ஒரு கோழி உள்ளே வந்து, சாவகாசமாக என்னை ஏறிட்டுப் பார்த்தது. அதைத் தொடர்ந்து யார் வருவார்களோ என்ற பயத்தில் போன காரியம் நடக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் விடியுமுன் பழையபடி பொன்மணி தோளில் சாய்ந்து ஓடைக்குத்தான் போனேன். புதுக் கக்கூஸ் வெள்ளை வெளேரென்று நிற்க, அதைத் தாண்டிப் போனோம். தண்ணீர் முருங்கைக்குப் போயிற்று. கடுப்பும் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொம்பைக் கவிழ்ப்பதைப் பொன்மணி பார்த்துவிட்டாள். நேரே இவரிடம் போனாள். இவருக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்று பேசாதவள் அவள். "அத்தான், அக்கா தண்ணியெல்லாத்தையும் மரத்துக்கு ஊத்துறாக. கிட்னி போயிருச்சுன்னா என்ன செய்வீக? ஒண்ணு கொண்டி போடுங்க, இல்லேன்னா அதை இடிச்சுப் போடுங்க" என்றாள்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். இரண்டு தாழ்ப்பாளோடு திரும்பி வந்து, தானே திருகி மாட்டினார். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. "நான் ஒருக்கா போய்ப் பாத்துக்கிறேன்" என்று உள்ளே போய் இரண்டு கதவையும் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நானும் பொன்மணியும் வெளியே நின்றோம். பிறகு தகரக் கதவில் படபடவென்று அடி விழுந்தது. "என்னங்க, என்னங்க" என்று நான் கத்துவதற்குள் பின்கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து தெறிக்க வெளியே வந்து விழுந்தார். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு நான் எங்கன இருந்தேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார்.

"எங்கன இருந்தீக?"

"முன்கதவுல இருந்தேன். ஆர்டர் அவசரம்னு உங்க ரூம் வாசல்ல அட்டைப்பெட்டி லோடை இறக்கிப் போட்டுருந்தாங்க. வெளிய திறக்கிற கதவு எப்படித் திறக்கும்? புகை வருது. நீ உள்ள நின்னு கதவைத் தட்டுற மாதிரியே எனக்குக் கேக்குது. ஒவ்வொரு பெட்டியா இழுத்துப் போட்டேன். கதவைத் திறந்து உள்ள போயி, தரையெல்லாம் கையால துளாவுனேன். நீ இல்ல. கரியாத்தான் போயிட்டேன்னு நெனச்சேன். எவனோ வந்து என்னை வெளிய இழுத்துப் போட்டு, ஏலே, உன் பொண்டாட்டி பின்பக்கம் கெடக்கா, உசுரு இருக்குன்னான். எந்திரிக்கப் பாத்தேன். காலு வரல மாடத்தி. உன்னை வண்டியில ஏத்துனதைப் பாத்தேன். காலு வரல."

எனக்கு உடனே அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டு இத்தனை மாசமா வாயைத் திறக்காம இருந்திருக்கீகளே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டேன்.

"சொன்னா மறுபடி அந்த ரூமுக்குள்ள போகணுமே" என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதேன். குனிய முடியாது, அதனால் நின்றபடியே அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சாய்த்துக்கொண்டேன். என்னைத் தேடி இந்த மனுஷன் நெருப்புக்குள் போயிருக்கிறார். நானோ வரவில்லை வரவில்லை என்று மருகிக்கொண்டிருந்திருக்கிறேன். பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த இன்னொரு கொண்டியையும் களட்டுங்க" என்றேன்.

"கொண்டி இல்லாம நீ போகமாட்டியே."

பொன்மணியை அனுப்பி, கடையில் பொட்டலம் கட்டுகிற வெள்ளை நூல் கண்டை எடுத்துவரச் சொன்னேன். ஒவ்வொரு கதவின் உட்பக்கத்திலும் ஓர் ஆணி, நிலையில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னேன். உள்ளே போய் நூலை இரண்டு ஆணிக்கும் எட்டுப் போட்டுச் சுற்றினேன். காற்றுக்கும் கோழிக்கும் அது போதும். யாராவது வெளியே நின்று லேசாக இழுத்தால் நூல் பிடிக்கும், ஆள் இருப்பது தெரிந்துபோகும்.

"இப்ப வெளிய நின்னு இழுங்க" என்றேன்.

இழுத்தார். நூல் பட்டென்று அறுந்து கதவு திறந்தது. இன்னொரு தடவை சுற்றச் சொல்லி இழுத்தார், அறுந்தது. பிறகு தானே உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளி வெளியே வந்தார். நூல் கண்டில் பாதியைத் தீர்த்தபிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. கடைசித் தடவை வெளியே வந்தபோது சிரித்தார். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

நான் உள்ளே போய் இரண்டு கதவிலும் நூலைச் சுற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நடுப்பகல் வெயில் தகரத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"மாடத்தி" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்."

சற்றுப் பொறுத்து மறுபடி, "மாடத்தி."

"இருக்கேங்க. உசுரோடதான் இருக்கேன்."

பிறகு, "சரி, நான் டீக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். டீக்கடை ஊருக்கு வெளியே, தார்ரோட்டில் இருக்கிறது. அங்கிருந்து நான் கூப்பிட்டால் கேட்காது. அவர் செருப்புச் சத்தம் கொல்லையைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பிடித்துக்கொள்ள யாரும் வேண்டியிருக்கவில்லை, முள் குத்தவில்லை, விடிந்துவிடுமோ என்ற பயமில்லை. மழமழவென்று தேய்த்து வைத்திருந்த நாற்காலி விளிம்பு தொடையில் உறுத்தவே இல்லை. எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கால் வெந்துபோனதற்குப் பிறகு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, "பொன்மணி, தண்ணி கொண்டா" என்றேன். சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவள் கண்ணெதிரே அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொம்பைக் கொடுத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஓடையில் என்னைத் தாங்கின கைகள். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. "நீ செஞ்சதுக்கு நான் என்ன செய்யப்போறேன் தாயி. நாளையிலேர்ந்து விடிய எந்திரிக்காத. நல்லாத் தூங்கு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மறுபடி நிறைசொம்பு இருந்தது.

"இதையும் குடிங்க அக்கா. அப்பத்தான் நம்புவேன்" என்றாள்.

குடித்தேன்.