நடுவில் ஒரு காலி ஃபோல்டர்

“பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவ, நீ என்னத்த டெஸ்ட் பண்ணிக் கிழிக்கப் போற?” என்று அக்காவின் கணவர் ஒருமுறை அவளிடம் கேட்டார். கேட்டவரேதான் தன் அலுவலகத்தில் சேர்த்தும் விட்டார். தங்குவது அவர் வீட்டில். சோதிப்பது அவர் எழுதும் புரோகிராமை. அலுவலகத்தில் மட்டும் ‘மாமா’ கிடையாது, ‘சார்’தான்.

ஒரு மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புது இடத்துக்கு மாற்றுகிற புரோகிராம் அது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. ஒன்றைத் திறந்தால் அடிமட்டம்வரை இறங்கிப் பார்த்துவிட்டு, மேலே ஏறி வந்த பிறகே பக்கத்து ஃபோல்டரைத் தொட வேண்டும். மாமா எழுதிய பதினான்கு சோதனைகளும் தேறியதாகப் பச்சை காட்டின. மதியமே அனுப்பிவிடலாம் என்று மேலாளரிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

அவளுக்குப் புரோகிராம் போகிற வழியைக் காகிதத்தில் நடந்து பார்த்தால்தான் மனம் ஆறும். நோட்டில் கட்டங்கள் வரைந்து, விரலால் ஒவ்வொன்றாக இறங்கினாள். பதினான்கிலும் காலி ஃபோல்டர் கடைசியில்தான் இருந்தது. சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளுவதுபோல, காலியானதைக் கடைசியில் வைப்பது மாமாவின் கைப்பழக்கம். அவள் அதை நடுவில் வைத்துக் கணினியில் ஓட்டினாள். காலியைக் கண்டதுமே வேலை முடிந்தது என்று புரோகிராம் வெளியே வந்துவிட்டது. அடுத்திருந்த மூன்று ஃபோல்டர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் பிழை என்று ஒரு வரியும் இல்லை.

சொன்னால் இன்றைக்கு அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று யாருக்கோ எழுதிவைத்த தாள் காணாமல் போகும்.

மேலாளர் வந்து, அனுப்பலாமா என்று பொதுவாகக் கேட்டார். மாமா தலையாட்டி முடிப்பதற்குள் அவள் வாய் திறந்துவிட்டது.

“இல்ல சார். காலி ஃபோல்டர் நடுவுல வந்தா, அதுக்கப்புறம் இருக்கறது எதுவும் போய்ச் சேரல.”

மாமா சிரித்தார். “நடுவுல எவன் காலியா வைப்பான்?”

“ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க மாமா. அவங்க அனுப்பின பட்டியல்ல மூணாவதே காலிதான்.”

சொன்ன பிறகுதான் ‘மாமா’ என்றது உறைத்தது. மேலாளர் புருவத்தைத் தூக்கினார்.

மாமா அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறை ஓட்டினார். நம்பாமல் மறுபடி ஓட்டினார். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அவள் வரைந்த கட்டங்களை அப்படியே பதினைந்தாவது சோதனையாகத் தட்டச்சு செய்தார். பதினான்கு பச்சைக்குக் கீழே ஒரு சிவப்பு விழுந்தது. அதைப் பார்த்தவர், நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “இன்னைக்கு அனுப்ப வேணாம் சார்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.