நாலாம் நம்பர் வீடு

கழற்றிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நூருல்லா திரும்பிப் பார்த்தார். வாசலோரம் இழுத்துப் போடச் சொன்ன கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, மனைவி காத்தூன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாஷர மட்டும் மாத்துங்க போதும். ஒழுகுதுன்னு இன்னைக்கு சொன்னா இன்னைக்கே சரி பண்ணிடணும். நாளைக்குப் பாக்கலாம்னா, குடியிருக்கறவங்க வேற வீடு பாக்க ஆரம்பிச்சுடுவாங்க."

அவர் தலையாட்டினார். முப்பது வருஷமாகப் பேரிகை, சூளகிரி சந்தைகளில் துணி விற்றவர் அவர். ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயத்தில் தன் நகைகளை விற்று இந்த ஆறு லைன் வீடுகளைக் கட்டியதும், பார்த்துப் பார்த்துக் குடிவைத்ததும் காத்தூன்தான். வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, ஒரு மாதமாக அவள் வீடுகளைப் பற்றியே பேசினாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் இருக்க வேண்டும். வருகிறவன் முன்னே எங்கே இருந்தான், ஏன் காலி செய்தான் என்று கேட்க வேண்டும். ஆறு வீட்டையும் ஒரே கம்பெனிக்காரர்களுக்கு விடக் கூடாது. அப்படி விட்ட ஒரு வருஷம், கம்பெனி கதவடைத்ததும் லைனே வெறிச்சோடிப் போனதை அவள் மறக்கவில்லை.

"நாலாம் நம்பர் காலியா கெடக்கு," என்றாள் இப்போது. "சொந்தக்காரங்க யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க. வாடகையும் கேக்க முடியாது, காலி பண்ணுன்னும் சொல்ல முடியாது. கடைசில சொந்தமே போயிடும்."

"நான் யார்கிட்ட இல்லேன்னு சொல்லியிருக்கேன்?"

"அதான் சொல்றேன்."

அவர் வாஷரைப் போட்டு முடுக்கினார். திறந்தார், மூடினார். ஒரு சொட்டு விழவில்லை. அவளுக்குக் காட்டத் திரும்பியபோது, கஞ்சி கொடுக்க வந்திருந்த மூன்றாம் வீட்டு வீரலட்சுமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்தூனின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு காத்தூனை அடக்கம் செய்தார்கள். குடியிருந்தவர்களில் இரண்டு பேர் ஷிப்டுக்குப் போகாமல் கபர்ஸ்தான் வரை நடந்து வந்தார்கள். குழிக்குள் இறங்கி உடலை வாங்கி வைத்தவன் கரீம், காத்தூனின் தம்பி. தாயில்லாத அவனை இரண்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவன்தான் பிள்ளை. இப்போது அத்திப்பள்ளியில் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு இருந்தான்.

வீடு திரும்பியதும் நூருல்லாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்க தனியா இருக்க வேணாம். நாலாம் நம்பருக்கு நாங்க வந்துடறோம். அக்கா இருந்தா அதையேதான் சொல்லும்."

கரீமின் நகக்கண்களில் இன்னும் மண் இருந்தது. நூருல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணாம் கரீமு," என்றார். அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது. "தெனமும் வா. எங்கூட சாப்பிடு. புள்ளைங்கள கூட்டிட்டு வந்து எத்தனை நாள் வேணும்னாலும் இந்த வீட்ல இரு. அந்த வீடு மட்டும் வேணாம்."

கரீம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். ஒரே நாளில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டதாக நூருல்லாவுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓத வந்த கரீம் கடைசி வரிசையில் உட்கார்ந்தான், அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தபோது அவனையும் காணவில்லை. பஸ் ஏறியிருப்பான் என்று நினைத்தார்.

சாயங்காலம் நாலாம் நம்பரில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரீம் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"யாருக்கு விட்டாலும் வெள்ளையடிச்சுத்தான விடணும்," என்றான்.

பதிலுக்குக் காத்திராமல் ஏணியைச் சுவரில் சாய்த்து மேலே ஏறினான். தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் ஏணி ஒரு பக்கம் ஆடியது. நூருல்லா கிட்டே போய், அதன் இரண்டு கால்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.