கடைக்குட்டி

மாட்டுங்கா ஹாலின் மேடைக்குப் பின்னால் சங்கரேஸ்வரி முட்டிபோட்டபடி விளக்கு விளக்காகக் கேபிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கலர் விளக்குகள் கண்டபடி துடித்தன. சாயங்காலம் பள்ளி ஆண்டு விழா. இன்றைக்கு லைன் சுத்தமாக ஓடினால் விளக்குகளை இயக்கும் போர்டில் அவளே உட்காரலாம் என்று முதலாளி செல்லத்துரை சொல்லியிருந்தார். அவருடைய தாராவி விளக்குப் பட்டறையில் கேபிள் சுற்றவும் சால்டர் வைக்கவும் சேர்ந்தவள். விரலால் தள்ளி மேடையையே நிறம் மாற்றும் அந்த நாற்காலிக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்!

"லைட் காய்கோ நாச்ரா?" என்று, விளக்கு ஏன் ஆடுகிறதென்று ஹால் மேனேஜர் பம்பாய் இந்தியில் கத்தினார்.

கடைசி விளக்கைத் திருப்பியதும் புரிந்துவிட்டது. அங்கே செருகும் சின்ன பிளக்கைக் காணோம். போர்டு அனுப்பும் சிக்னல் வரிசையாக ஓடி அந்த பிளக்கில் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி எல்லா விளக்கையும் குழப்பிவிடும். வரிசையில் கடைசியாக நிற்பதால் அதற்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்ததே சங்கரேஸ்வரிதான். பட்டறையில் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். செம்பூர்க் கல்யாணத்தில் கழற்றியது பட்டறை மேசையிலேயே தங்கிவிட்டது போல.

பட்டறைக்குப் போன் போட்டாள். எடுத்தது முதலாளியின் மனைவி அன்னத்தாய்.

"மதினி, கடைக்குட்டிய ஆட்டோல ஏத்தி ஜல்தி அனுப்புங்க. அது இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது."

"அப்படியா தாயி? இந்தா, இப்பமே அனுப்புதேன்."

ஆட்டோ வந்தது. இறங்கியவன் அன்னத்தாயின் கடைசி மகன் ஆதித்யன். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன். வெறுங்கை. தலையில் மட்டும் ஜெல் பளபளத்தது.

"நா இல்லாம வேல ஓடாதுன்னு சொன்னியளாமே அத்தே! அம்மைக்கு ஒரே குஷி."

சங்கரேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அட கூறுகெட்டவனே, ஒன்னையா கேட்டேன்!"

பையைக் கவிழ்த்துப் பழைய பிளக் ஒன்றைப் பிரித்தாள். சாமான் டப்பாவின் மூலையில் கிடந்த ரெசிஸ்டரின் அளவு சொல்லும் நிறக்கோடுகளை வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு பின்களுக்கு நடுவே வைத்து சால்டர் போட்டாள். புகை கண்ணில் ஏறியது. மூடித் திருகி, கடைசி விளக்கில் செருகினாள்.

துடிப்பு நின்றது. மேடை முழுக்க நீலம், குளத்துத் தண்ணீர் மாதிரி பரவி நின்றது.

"பாத்தியாலே!" என்றாள். தன் கைக்குத் தானே முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"ஏ பிள்ள, தங்கமான கை ஒனக்கு!" என்றபடி வந்தார் செல்லத்துரை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போர்டுப் பக்கம் நடந்தாள். அவர் பார்வை மகன்மேல் விழுந்தது.

"அட, நம்ம கடைக்குட்டியே வந்துட்டானே! போர்டுல உக்காருலே."

"அண்ணாச்சி, இன்னைக்கு நாந்தான்னு சொன்னிய."

"நீ அடுத்த தடவ உக்காரு. இப்பம் லைனப் பாத்துக்க."

"அத்தேதாம்ப்பா..." என்று நாற்காலியிலிருந்து எழப்போன ஆதித்யனின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

விழா தொடங்கியது. ஒளியமைப்பு ஆதித்யன் என்று மைக்கில் சொன்னதும் ஹால் கைதட்டியது. கறுப்புத் திரைக்குப் பின்னால், கடைசி விளக்கின் காலடியில் சங்கரேஸ்வரி குத்தவைத்திருந்தாள். ஓடியாடும் பிள்ளைகள் இடறிவிடாதபடி அந்த பிளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். மேடையில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை.