மூடியில் பட்ட குங்குமம்

கடையில் இரண்டு மடிக்கணினிகள் அருகருகே திறந்திருந்தன. கம்சாயினி விலை கூடியதைத் தொடாமல், குறைந்ததின் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகருக்குக் கட்டடக்கலை படிக்கப் போகிறவள். வரைபட மென்பொருளுக்கு எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. தாய் சிவநாயகி இரண்டு விலைகளையும் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள். மகள் அங்கே தங்கப்போகும் அறைக்கு முன்பணம் கட்டிய மாதம் அது.

"எது பிள்ளை?"

"இது போதும் அம்மா, காணும்."

"வடிவாப் பாத்துச் சொல்லு. அங்கை போய் நிண்டு அழக் கூடாது."

"காணும் எண்டுறன்."

ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் புதிதாக வரும் எதுவும் முதலில் சாமித்தட்டுக்கு முன்னால் போகும். முன்பு சலவை இயந்திரம் வந்த அன்று மட்டும், அது பாரம் என்பதால், சாமித்தட்டு அதனிடம் போனது. கம்சாயினி குளித்துவிட்டு வருவதற்குள் சிவநாயகி புது மடிக்கணினியின் பெட்டியைப் பிரித்து, வெள்ளிநிற மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் தொட்டிருந்தாள்.

மாலையில் மென்பொருள் திறந்தது. ஒரு சுவரை வரைந்து திருப்பியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே விசிறி இரைந்தது. மறுபடி திறந்தாள்; மறுபடி நின்றது.

"பழுதோ?" சிவநாயகி எட்டிப் பார்த்தாள்.

"பழுதில்லை. இதின்ரை பெலன் அவ்வளவுதான்."

"கடையிலை உனக்குத் தெரியாதே?"

"தெரியும்."

"பேந்து ஏன் காணும் எண்டனீ?"

"நீங்கள் மற்றதின்ரை விலையைப் பாத்திட்டுக் கண்ணாடியைக் கழட்டினீங்கள்."

"அது ஊத்தையா இருந்தது, துடைச்சனான். உனக்கு எது வேணும் எண்டுதானே கேட்டனான்? மிச்சத்துக்கு நான் சனி ஞாயிறும் வேலை எடுப்பன். கொண்டுபோய் மாத்துவம்."

புதிதுபோல் இருந்தால்தான் கடை திருப்பி எடுக்கும். மூடியை மூடியபோது இருவரும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஈரத்துணிக்குச் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. சிவநாயகி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். சிவப்பு வெளிறி, இன்னும் அகலமாகப் பரவியது.

"பொட்டு வைச்சா லப்டொப் வேகமா ஓடுமே அம்மா?" கம்சாயினி சிரிக்கப் பார்த்தாள்.

"ஓட எண்டு வைக்கேல்லை. நீ தனியப் போறாய் எண்டு வைச்சது."

அதன் பிறகு இருவரும் மாறி மாறித் தேய்த்தார்கள்.

கடைகளில் எப்போதும் மகள்தான் கதைப்பாள். மறுநாள் சிவநாயகி அவளை முந்திக்கொண்டு பெட்டியைத் தானே மேசையில் வைத்தாள். கடைப் பணியாளன் எதையும் கேட்குமுன்பே, "இதைப் பூசியது நான். அவள் இல்லை," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். மடிக்கணினியை வெளியே எடுத்து, மூடியை விளக்குக்கு நேரே சாய்த்தான். கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தான். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தான். அதில் எதுவும் ஒட்டவில்லை; சிவப்பு மூடியிலேயே இருந்தது.